மிச்சத்தின் மேலேயே ஊற்றி நிரப்ப வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் வந்தால் சென்னையின் சிறு கிளினிக்குகளிலும் நர்சிங் ஹோம்களிலும் காய்ச்சல் கூட்டம் அலைமோதும். ஊசி, டிரிப்ஸ், ஆக்சிஜன் என்று செவிலியர்களுக்குக் கை ஓயாது. அந்த அவசரத்தில் சோப்புத் திரவம், ஆக்சிஜனுக்கான தண்ணீர் போன்றவற்றின் பாதி காலியான பாட்டிலைக் கழுவாமல் மேலேயே ஊற்றி நிரப்பும் வழக்கம் நோயாளிக்குத் தொற்றைக் கொண்டுவந்துவிடும். கை கழுவும் முறையைச் சுவரில் படமாக ஒட்டியிருக்கிறார்கள். அதன் கீழே இருக்கும் சோப்புத் திரவ பாட்டிலே மாதக்கணக்கில் இப்படித்தான் நிரப்பப்படுகிறது. அதிலும் கிருமி வளரும்.

ஊசி மேசையில் இருக்கும் ஸ்பிரிட் பஞ்சு டப்பாவைப் பாருங்கள். திறக்கத் திறக்க ஸ்பிரிட் ஆவியாகிறது, ஒவ்வொரு முறையும் விரல் உள்ளே போகிறது. கடைசியில் மிஞ்சுவது வெறும் ஈரப் பஞ்சு. பஞ்சை உலர்வாகவே வைத்திருந்து, தேவைப்படும்போது மட்டும் 60 முதல் 70 சதவீத ஆல்கஹாலில் நனைக்க வேண்டும். 30 விநாடி துடைத்து, 30 விநாடி காயவிட்ட பிறகே ஊசி குத்த வேண்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும், கிருமியும் முழுதாகச் சாகாது.

எங்களுக்கு அதிகக் கவலை தருவது ஆக்சிஜனோடு மாட்டியிருக்கும் ஹியூமிடிஃபயர் பாட்டில், அதாவது ஆக்சிஜனை ஈரப்படுத்தும் தண்ணீர் பாட்டில். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியதும் பக்கத்தில் இருக்கும் கேன் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ ஊற்றிவிடுகிறார்கள். குடிக்க உகந்த தண்ணீர் என்றாலும் அது கிருமி நீக்கப்பட்டதல்ல. நம் ஊர் வெக்கையில் தேங்கி நிற்கும் தண்ணீரில் சூடோமோனாஸ் கிருமி விறுவிறுவென்று பெருகும். ஏற்கெனவே மூச்சுத் திணறும் நோயாளியின் நுரையீரலுக்கு அது போனால் நிமோனியா வரலாம். கிருமி நீக்கிய தண்ணீரை மட்டுமே ஊற்றுங்கள். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மிச்சத்தைக் கொட்டி, பாட்டிலைக் கழுவி, கிருமி நீக்கி, நன்றாக உலர்த்திய பிறகே மறுபடி நிரப்புங்கள். மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 4 லிட்டர் வரை ஆக்சிஜன் பெறும் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இந்தத் தண்ணீரே தேவையில்லை.

தரை துடைக்கும் ஹைப்போ (குளோரின் கிருமிநாசினி) கரைசலைக் கண் மதிப்பில் கலக்கக் கூடாது. 5 சதவீத ஹைப்போ 200 மில்லியோடு 800 மில்லி தண்ணீர் சேர்த்தால் 1 சதவீதக் கரைசல் கிடைக்கும். சிந்திய ரத்தத்தின் மேல் துணியைப் போட்டு, அது நனையும்படி இதை ஊற்றி, 10 நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். வெயிலிலும் வெப்பத்திலும் குளோரின் வீரியம் குறையும், வாடை மட்டும் நிற்கும். வாடையை நம்பி நேற்றைய வாளியில் இன்றும் துடைப்பது வீண் வேலை. கழிவறை ஆசிடோடு இதைக் கலந்தால் நச்சு வாயு கிளம்பும் என்பதைத் துப்புரவுப் பணியாளர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. வேதனையாக இருக்கிறது.

பல முறை மருந்து எடுப்பதற்கான குப்பியின் ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தியே விட்டுவைப்பதும் கிருமிக்கு வாசல் திறந்து வைப்பதுதான். திறந்த அந்தக் குப்பியை 28 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. தயாரிப்பாளர் அதைவிடக் குறைவாகக் குறித்திருந்தால் அதுவே கணக்கு. ஒரே முறை மட்டும் பயன்படுத்த வேண்டிய குப்பியில் மிஞ்சியதை அடுத்தவருக்குப் போடவே கூடாது.

திறந்த தேதியையும் நேரத்தையும் ஒரு துண்டு பிளாஸ்திரியில் எழுதி ஒவ்வொரு பாட்டிலிலும் ஒட்டச் சொல்லுங்கள். மருத்துவ நிறுவனங்களின் பதிவுக்காக ஆய்வுக்கு வரும் அதிகாரிகள், கோப்புகளைப் புரட்டுவதற்கு முன் இந்த ஒட்டுகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். “சிஸ்டர், இந்தத் தண்ணீர் எப்போ மாத்தினது?” என்று நோயாளியின் வீட்டாரும் தயங்காமல் கேட்கலாம்.

இப்படிக்கு,
தொற்றுத் தடுப்புப் பணியில் உள்ள செவிலியர்கள் சிலர்,
கீழ்ப்பாக்கம், சென்னை.