என் பேச்சுக்குக் காது கொடுத்தவர்களுக்கு

பக்கவாதம் வந்து 14 மாதம் ஆகிறது. போன வாரம்தான் முதல் முறையாக, பக்கத்தில் யாரும் இல்லாமல், நானே போன் செய்து ஒரு வேலையைப் பேசி முடித்தேன். வைத்தவுடன் உங்கள் எல்லோருடைய முகமும் நினைவுக்கு வந்தது, அதனால்தான் இந்த மடல்.

எனக்குச் சொற்கள் மறக்கவே இல்லை. சொல்ல வேண்டியது முழுதாகத் தலைக்குள் இருக்கும், உதடும் நாக்கும்தான் நேரத்துக்குப் போய்ச் சேராது. மெல்லண்ணம், அதாவது மேல்வாயின் பின்பக்கத்து மென்மையான பகுதி, சரியாக மூடாததால் காற்று மூக்கு வழியே கசிந்து, நான் ‘பாடம்’ என்றால் கேட்பவருக்கு ‘மாடம்’ என்று விழும். பேச்சு மெதுவாகிவிட்டதால் குறில் எல்லாம் நீண்டு ‘படம்’ கூடப் ‘பாடம்’ ஆகிவிடும். நம் மொழியில் ஒரு மாத்திரை கூடினால் பொருளே மாறிவிடுகிறதே! அந்த நாட்களில் ஒரு இடத்துக்கு போன் செய்தபோது, நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்துப் பாதியிலேயே வைத்துவிட்டார்கள். அப்புறம் பல மாதம் போனையே தொடவில்லை.

அதிலிருந்து என்னை மீட்டவர் எங்கள் ஸ்பீச் தெரபிஸ்ட். முதல் நாள் ‘ஆ’ என்று இழுக்கச் சொன்னார், 4 நொடியில் மூச்சு முடிந்துவிட்டது, அதுவும் நடுங்கிக் கரகரத்த குரலில். அவர் முகம் மாறவே இல்லை. ‘பிராட்’ என்ற இலவச மென்பொருளில் என் குரலைப் பதிவு செய்து, ஒலி எப்படி இருக்கிறது என்று திரையில் படமாகக் காட்டினார். ‘அக்கா’ என்று சொல்லும்போது நடுவில் ‘க்க’ வரும் இடத்தில் காற்று முழுதாக அடைபட வேண்டும், படத்தில் அந்த இடம் வெள்ளையாகத் தெரிய வேண்டுமாம். எனக்கு அங்கே சாம்பல் புகை மாதிரி இருந்தது. ஆ, ஈ, ஊ மூன்றின் அதிர்வெண்களைப் புள்ளிகளாக வைத்து ஒரு முக்கோணம் வரைந்தார், அது சுருங்கிக் கிடந்தது. நாக்கு போக வேண்டிய தூரம் போகாததால் உயிரெழுத்துகள் ஒன்றோடொன்று நெருங்கிவிட்டன என்றார். உங்கள் குறை இது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, இந்த இடத்தில் வேலை இருக்கிறது என்றுதான் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

ஒப்பிட்டுப் பார்க்க என் பழைய குரல் வேண்டும் என்றபோது கைகொடுத்தது நண்பன். பல வருடமாக நான் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்திகளில் ஒன்றைக்கூட அழிக்காமல் வைத்திருந்தான். அதைக் கேட்டு நான் அழுதது உண்மை. ஆனால் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்று காதுக்குத் தெரிந்ததும் அன்றைக்குத்தான்.

அக்காவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் முடியாது. நான் ஒரு வாக்கியத்தை முடிக்க அரை நிமிடம் எடுத்தாலும் அவள் எடுத்துக் கொடுக்க மாட்டாள், அவசரப்பட மாட்டாள், புரியவில்லை என்றால் புரிந்த மாதிரி தலையாட்டவும் மாட்டாள். “இன்னொரு தடவை சொல்லு” என்பாள், அவ்வளவுதான். பொய்யாகத் தலையாட்டுபவர்களிடம் பேசிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அவள் மகனுக்கும் நன்றி. என் குரலில் ஏற்ற இறக்கம் போய்விட்டதால் “கிளம்பியாச்சா?” என்று நான் சாதாரணமாகக் கேட்டாலும் மாமா கோபமாக இருக்கிறார் என்று முதலில் ஒதுங்கினான். காரணம் தெரிந்ததும், தினமும் சாயங்காலம் என்னோடு உட்கார்ந்து ப-த-க, ப-த-க என்று வேகமாகச் சொல்லும் பயிற்சியைக் கூடவே செய்தான். இப்போது ‘ஆ’ 13 நொடி வருகிறது, அவன்தான் கடிகாரம் பார்த்தான். அக்காவின் ‘க்க’ வெள்ளையாகத் தெரிகிறது.

‘ழ’ இன்னும் சரியாக வளையவில்லை. நண்பா, அடுத்த மாதம் அதையும் சொல்லி ஒரு குரல் செய்தி அனுப்புகிறேன், பழையவற்றோடு சேர்த்து வைத்துக்கொள்.