கயலின் டென்னிஸ் ரேங்கிங் இறங்கியது ஏன்?

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. இங்கே கடலூரில் கத்திரி வெயில் வாட்டுகிறது. காலை எட்டு மணிக்கு மேல் கோர்ட்டில் நிற்க முடியவில்லை. பண்ருட்டிப் பலா வந்துவிட்டது, புதுச்சேரிக்கு யாராவது கிளம்பினால் ஒன்று கொடுத்தனுப்புகிறேன்.

உன் மகள் கயல் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஆட்டமும் தோற்காமல் ரேங்கிங் எப்படி இறங்கும் என்று கேட்டிருக்கிறாய். பரீட்சைக்காக இரண்டு மாதம் ஆடாமல் இருந்தாள் அல்லவா, அதனால்தான். பாயின்ட்டுக்கு ஆயுள் 52 வாரம். போன மே மாதம் எடுத்தது இந்த மே மாதம் கழிந்துவிடும். அந்த இடத்தில் புதிதாக எதுவும் விழாவிட்டால் மொத்தம் குறையும். ஆட்டம் மோசமாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

அவளுக்கு 13 முடிந்துவிட்டதால் ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) ஜூனியர் போட்டிகளிலும் பெயர் கொடுக்கலாம். அங்கே போட்டிகளை ஜே30, ஜே60, ஜே100, ஜே200, ஜே300, ஜே500 என்று தரம் பிரித்திருக்கிறார்கள். ஒற்றையரில் கோப்பை ஜெயித்தால் அந்த எண்தான் பாயின்ட். கிராண்ட்ஸ்லாம் ஜூனியர் பட்டத்துக்கு 1000. ஜே30-இல் இறுதியில் தோற்றால் 18, அரையிறுதியில் 9, காலிறுதியில் 5, அதற்கு முந்தைய சுற்றில் 2. ஒற்றையரில் சிறந்த ஆறு முடிவுகளையும், இரட்டையரில் சிறந்த ஆறு முடிவுகளின் கால் பங்கையும் கூட்டுவார்கள். ஒற்றையரில் 18, 9, 9, 5, 5, 2 என்றால் 48. இரட்டையரில் 40 சேர்த்திருந்தால் அதில் 10. ஆக 58. நம் ஏஐடிஏ (அகில இந்திய டென்னிஸ் சங்கம்) பட்டியலும் ஏறக்குறைய இதே அச்சுதான்.

இதில் பெற்றோர் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. சிறந்த முடிவுகள் மட்டுமே கணக்கில் வருவதால், தோல்விக்கு ஒரு பாயின்ட்கூடக் குறையாது. ஆகவே கயலை 16 வயதுப் பிரிவில் இறக்கித் தோற்க விட்டாலும் ரேங்கிங்கில் நஷ்டமில்லை. வேகமான பந்தை எடுக்கப் பழகுவாள். நஷ்டம் வருவது வேறு வழியில். பெயர் கொடுத்துவிட்டுச் சொல்லாமல் போகாமலிருப்பது, கெடு தாண்டி விலகுவது, இரண்டுக்கும் ஏஐடிஏ பட்டியலில் பாயின்ட் வெட்டுவதற்கென்றே தனிப் பத்தி உண்டு. காய்ச்சல் என்றால் அன்றே எழுத்தில் தெரிவித்து, மருத்துவச் சான்றையும் சேர்த்து அனுப்பிவிடு.

ஊரெல்லாம் சுற்றிப் பலமில்லாத டிராவாக (டிரா என்றால் யார் யாரோடு மோதுவது என்ற பட்டியல்) தேடிப்பிடித்து ஆட வைப்பவர்களைப் பார்த்திருப்பாய். பாயின்ட் ஏறும், மறுக்கவில்லை. ஆனால் வாரக் கடைசியில் குவாலிஃபையிங் என்கிற தகுதிச் சுற்று, திங்கள் முதல் மெயின் டிரா என்று மாதம் மூன்று வாரம் போனால், செகண்ட் சர்வைத் திருத்த எப்போது நேரம்? உயரம் கூடுகிற வயது வேறு; எலும்பு நுனிகள் இன்னும் முதிராத நேரத்தில் முழங்காலும் தோளும்தான் முதலில் வலிக்கும். இரண்டு வாரம் போட்டி, பிறகு மூன்று வாரம் பயிற்சி என்று வைத்துக்கொள் என்பது என் கட்சி. ஐடிஎஃப்பே சின்ன வயதினர் வருஷத்துக்கு இத்தனை போட்டிதான் ஆடலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது.

ரேங்கிங் எதற்கு என்றால், டிராவில் நேரடி இடம், சீடிங், அதாவது முதல் சுற்றிலேயே பெரிய ஆளிடம் மாட்டாமல் தப்பிப்பது, இவற்றுக்குத்தான். ஆட்டத்தின் தரத்தை அளக்க யுடிஆர் (யுனிவர்சல் டென்னிஸ் ரேட்டிங்) என்ற மதிப்பீட்டு எண் மேல். கடைசி 12 மாதத்தில் ஆடிய 30 ஆட்டங்கள் வரை எடுத்து, எதிராளியின் பலத்தோடு ஒவ்வொரு கேமையும் ஒப்பிடும். பலசாலியிடம் 4-6, 4-6 என்று தோற்றாலும் எண் கூடலாம். ரேங்கிங்கில் அதற்கு இடமே கிடையாது.

ஜூனியர் பட்டியலில் முதலிடம் பிடித்த நம்மவர்கள் உண்டு: 1979-இல் ரமேஷ் கிருஷ்ணன், 1990-இல் லியாண்டர் பயஸ். பின்னாளில் உலக முதலிடம் பிடித்த ஜோகோவிச் ஜூனியரில் எட்டிய உச்சம் 24-ஆம் இடம்தான் என்பதையும் உன் வீட்டுக்காரம்மாவிடம் சொல்.

தம்பி மகனுக்கு எட்டு வயதுதானே, அவனைப் பட்டியல் பக்கமே விடாதே. பத்து வயதுக்குட்பட்டோர் போட்டியில் பெரியவர்கள் ஆடும் வழக்கமான மஞ்சள் பந்து கூடாது என்று 2012-லிருந்தே ஐடிஎஃப் விதி இருக்கிறது. மஞ்சளைவிடப் பாதி வேகமே உள்ள ஆரஞ்சுப் பந்து, 18 மீட்டர் கோர்ட், அவனுக்கு அது போதும்.

கயல் போன வருஷம் ஜூன் முதல் ஆடிய போட்டிகள், தேதி, எந்தச் சுற்று வரை என்று எழுதி அனுப்பு. எந்த வாரம் எவ்வளவு கழியும் என்று போட்டுத் தருகிறேன். அதைப் பார்த்து ஜூலைக்குப் பெயர் கொடுக்கலாம். ஐடிஎஃப் என்றால் ஏறத்தாழ நாலு வாரம் முன்பே கெடு முடிந்துவிடும், தாமதிக்காதே.

அன்புடன்,
குமரன்