கல்லடிக் கடலில் கிடப்பவர்கள்: ஒரு வரலாற்று ஆசிரியைக்கு

அன்புள்ள மகளுக்கு,

போன கிழமை நீ போனில் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. 1942இல் ஜப்பானியர் குண்டு போட்டு மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கி ஹேர்மிஸ் கப்பலோடு இறந்தவர்களுக்காகப் பாடசாலையில் ஒரு நினைவுநாள் வைக்கலாம் என்று நீ வகுப்பில் சொல்ல, கடைசி வாங்கிலிருந்து ஒரு பொடியன் எழும்பி, "எங்கட ஆக்களுக்கே வைக்கல்ல டீச்சர், வெள்ளைக்காரனுக்கு ஏன்?" என்று கேட்டான். நீ பதில் சொல்லாமல் பாடத்தைத் தொடர்ந்தாய். பிழை விட்டுவிட்டேனோ சேர் என்று என்னிடம் கேட்டாய்.

பிழை இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை விட்டுவிடாதே. அவனுக்குப் பதிலாக முதலில் அந்தக் கடலைக் காட்டு.

நம் மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்தால் வள்ளங்கள் தொழிலுக்குப் போகும் திசையில்தான் அந்தக் கப்பல் கிடக்கிறது. கரையிலிருந்து ஏறக்குறைய 9 கிலோமீட்டர், 50 மீட்டருக்கும் கூடிய ஆழம். விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அதுதான். 1924இல் சேவைக்கு வந்தது. நம் கல்லடிப் பழைய பாலம் திறந்ததும் அதே ஆண்டுதான். இதைச் சொல்லிப் பார், பிள்ளைகளுக்கு ஆண்டு மறக்காது.

1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை. ஜப்பானியர் திருகோணமலையைத் தாக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும், துறைமுகத்துக்குள் அகப்படக்கூடாது என்று முதல் நாள் இரவே கப்பலைத் தெற்கே அனுப்பிவிட்டார்கள். விமானந்தாங்கியில் ஒரு விமானம்கூட இல்லை. அதை வகுப்பில் சொல்லும்போது கொஞ்சம் நிறுத்திச் சொல். வெறும் தளத்தோடு, மேலே பார்த்துக்கொண்டு நின்ற மனிதர்கள் அவர்கள். காலை பத்தரை மணிக்குப் பிறகு குண்டுகள் விழத் தொடங்கின. அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, கப்பல் மூழ்கிவிட்டது. 307 பேர் போனார்கள். துணைக்கு வந்த ஆஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் அதே நாளில் போனது. வீற்றா என்ற வைத்தியசாலைக் கப்பல் வந்து, நீரில் மிதந்தவர்களில் பெரும்பாலானோரைத் தூக்கிக் கொழும்புக்குக் கொண்டுபோனது.

307 என்பதைக் கரும்பலகையில் எழுதினால் அது வெறும் எண். பெயர்களைக் கொடு. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணைக்குழு எல்லாப் பெயர்களையும் இணையத்தில் வைத்திருக்கிறது: பெயர், பதவி, கப்பல், இறந்த நாள், பலருக்கு வயது, சிலருக்குத் தாய் தகப்பன் பெயரும் ஊரும். நான் படிப்பித்த காலத்தில் ஒருமுறை அதை அச்செடுத்து, ஒரு பிள்ளைக்கு ஒரு பெயர் என்று வெட்டிக் கொடுத்தேன். கொப்பியில் அதைத் தமிழில் எழுதி, அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் கண்டுபிடித்து வரவேண்டும், அவ்வளவுதான். ஒரு பிள்ளை, "சேர், இவருக்குப் பத்தொன்பது. எங்கட அண்ணாட வயசு" என்றாள். அதற்கு மேல் அன்று நான் எதுவும் படிப்பிக்கவில்லை.

இன்னொரு பொடியன் தனக்குக் கிடைத்த பெயருக்குக் கீழே ஒரு வரி இடைவெளி விட்டு, தன் மாமாவின் பெயரை எழுதியிருந்தான். ஆண்டு மட்டும், வேறு ஒன்றும் இல்லை. நான் கேட்கவில்லை. இரண்டு பெயருக்கும் பக்கத்தில் சரி போட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். உன் வகுப்பிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கும், மகள். நம் ஊரில் இல்லாமல் போகாது. தோண்டிக் கேட்காதே, எழுதினால் அழிக்கவும் சொல்லாதே. குண்டு போட்டவனுக்கும் அம்மா இருந்திருப்பாதானே என்று எவனாவது கேட்டால், அதையும் கேட்க விடு.

மேடை, பிரதம விருந்தினர், மாலை, நீண்ட பேச்சு இவை வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வெயிலில் நின்ற களைப்புத்தான் பிள்ளைகளுக்கு மிஞ்சும். முடிந்தால் ஒரு பஸ் பிடித்து திருகோணமலை உப்புவெளியில், நிலாவெளி வீதியோரம் இருக்கும் போர்க்கல்லறைக்குக் கூட்டிப்போ. எங்கள் காலத்தில் மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை போகும் வீதியில் பாதை என்ற மிதவையில் ஏறி ஏறித்தான் ஆற்றைக் கடப்போம். இப்போது பாலங்கள் வந்துவிட்டன. தளபதியானாலும் கடைசிச் சிப்பாயானாலும் ஒரே மாதிரிக் கல் என்பது அந்த ஆணைக்குழுவின் விதி. சொல்லிக் கொடுக்காதே, பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கட்டும். கடலோடு போய் உடல் கிடைக்காத மாலுமிகளின் பெயர்கள் இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத், பிளிமவுத், சாட்டம் துறைமுக நகரங்களின் நினைவுத்தூண்களில் இருக்கின்றன. பெயர் அங்கே, ஆள் இங்கே. பக்கத்தில் இருப்பவர்கள் நாம்தானே.

பூ எதுவென்று கேட்டாய். போரில் இறந்தவர்களின் நினைவாகப் பிரித்தானியர் அணியும் பொப்பிப் பூ வேண்டாம். 1930களில் இங்கே நவம்பர் 11இல் பொப்பி விற்ற காசில் பெரும்பங்கு பிரித்தானியாவுக்குப் போனது. நம் நாட்டுப் பழைய படைவீரர்களைப் பார்க்க ஆளில்லை என்று, அதே நாளில் பூவரசம் பூ விற்கத் தொடங்கினார்கள். சூரியமல் இயக்கம் என்று நீ படித்திருப்பாய்; சூரியமல் என்பது பூவரசம் பூவின் சிங்களப் பெயர். அந்தக் கதையையும் சொல். பூவரசம் பூ காலையில் மஞ்சளாக விரிந்து, பின்னேரம் சிவந்து வாடிப்போகும். அந்தக் காலையில் போனவர்களுக்கு அதுவே போதும்.

ஏப்ரல் 9 பெரும்பாலும் சித்திரை லீவுக்குள் வந்துவிடும். அதனால் தவணை முடிவதற்கு முன் ஒரு நாளைப் பார்த்து, முதலாம் பாடத்தை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு வாருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன்னிடமுள்ள பெயரைச் சத்தமாக வாசித்துவிட்டுப் பூவை அலையில் விடட்டும். அந்தக் கடைசி வாங்குப் பொடியன் வேறு பெயர் வாசித்தாலும் வாசிக்கட்டும்.

எங்கள் வளவு வேலியில் இரண்டு பூவரசு நிற்கிறது. விடிய ஆறு மணிக்குப் பறித்துக் கூடையில் கொண்டுவந்து தருகிறேன். எத்தனை பிள்ளைகள் என்று மட்டும் சொல்.

அன்புடன்,
உன் சேர்