எங்க சோஷியல் பீரியட எங்ககிட்டயே விடுங்க

மதிப்பிற்குரிய ஹெச்.எம். அவர்களுக்கும் நிர்வாகத்துக்கும் வணக்கம்.

எதப் பத்தி எழுதுறேன்னு உங்களுக்கே தெரியும், ஸ்டாஃப் மீட்டிங்ல மூணு தடவை பேசியாச்சு. எட்டாம் கிளாஸ் சோஷியலுக்கு டைம்டேபிள்ல வாரத்துக்கு அஞ்சு பீரியட், என் கைக்கு வர்றது மூணு, மீதிய மேத்ஸுக்கு எடுத்துக்கறாங்க. மேத்ஸ் டீச்சர் மேல எனக்கு வருத்தமே இல்ல, அவங்களுக்கும் போர்ஷன் முடிக்கற நெருக்கடி.

போன செவ்வாய்க்கிழமை நடந்தத மட்டும் சொல்றேன். ஓட்டுரிமை பாடம். நியூசிலாந்துல பெண்களுக்கு 1893லயே ஓட்டு கிடைச்சிருச்சு, சுவிட்சர்லாந்துல நாட்டுத் தேர்தல்ல ஓட்டு போட 1971 வரைக்கும் ஆச்சுன்னு போர்டுல எழுதி, பக்கத்துலயே மனுஷன் நிலாவுல கால் வெச்சது 1969ன்னு எழுதினேன், கிளாஸே கப்சிப். எப்பவும் கடைசி பெஞ்சுல படுத்துக்கெடக்கற பையன் எந்திரிச்சு "முன்னாடியே கேட்டிருக்கலாம்ல மிஸ்?"ன்னான். கேட்டாங்கடா, 1959ல வாக்கெடுப்பே நடந்துச்சு, ஆனா அதுல ஓட்டு போட்டது ஆம்பளைங்க மட்டும்தான், அவங்க வேணாம்னுட்டாங்கன்னு சொன்னேன். உடனே ஒரு பொண்ணு, "அப்போ ஓட்டே இல்லாதவங்க எப்படி மிஸ் ஜெயிச்சாங்க?"

மொத்தக் கிளாஸும் என் முகத்தப் பாக்குது. அந்த நேரம் பாத்து சர்குலர் வருது, மீதி இருபது நிமிஷம் மேத்ஸ் ரிவிஷனாம். போர்டை அழிச்சுட்டு வெளிய வந்துட்டேன்.

புதன் பீரியட் இல்ல, வியாழனும் இல்ல. வெள்ளிக்கிழமை போய், முதல்ல ஒண்ணு ரெண்டு மாநிலத்துல உரிமைய வாங்கி, விடாம போராடி, 1971ல அதே ஆம்பளைங்களையே சம்மதிக்க வெச்சாங்கன்னு சொன்னா, அந்தப் பொண்ணு நோட்ட எடுத்து "இது டெஸ்ட்டுக்கு வருமா மிஸ்?"ங்கறா. செவ்வாய்க்கிழமை இருந்த முகம் இல்ல அது.

அந்த இருபது நிமிஷத்த யாராலயும் திருப்பித் தர முடியாது. அதனாலதான் கேக்கறேன், எங்க பீரியட எடுக்காதீங்க.

வருஷத்த மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சா போதும், அதுக்கு எதுக்கு அஞ்சு பீரியட்னு மீட்டிங்ல ஒருத்தர் கேட்டாங்க. அந்த வார்த்தை இன்னும் உறுத்துது. கிளாஸ் லீடரைக்கூட நாமளே கைகாட்டி நிறுத்திட்டு, அதே பிள்ளைங்களுக்குத் தேர்தல் பாடம் நடத்தறோம், அதுங்க எங்கதான் பழகும்? நம்ம முன்னாடி எந்திரிச்சு கேள்வி கேக்கறதுதான் அதுங்களுக்கு இருக்கற ஒரே இடம், அதுவும் வாரத்துல பாதி நாள் போயிடுது.

கொஞ்சம் கோவமா எழுதிட்டேன், மன்னிக்கணும். தயவுசெஞ்சு அடுத்த வாரத்துலேந்து அஞ்சு பீரியடும் எங்களுக்கே இருக்கட்டும். தவிர்க்கவே முடியலன்னா முந்தின நாளே சொல்லிட்டு, அதே வாரத்துல திருப்பிக் குடுத்துடுங்க. பாடத்துக்கு நடுவுல மட்டும் ஆள் அனுப்பாதீங்க.

இப்படிக்கு,
எட்டாம் கிளாஸ் சோஷியல் டீச்சர்