ராணி தலையும் நாற்பது பாராவும்

விழுப்புரம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாலு,

உன் கவர் புதன்கிழமை வந்தது. பட்டர் பேப்பரில் மடித்து வைத்திருந்த தபால் தலையைப் பிரித்ததும் லென்ஸைத் தேட எழுந்தவன், சாப்பாட்டை மறந்துவிட்டேன். உன் தங்கச்சி இன்னும் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

வீட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். முழங்கால் அப்படியேதான். டாக்டர் நட என்கிறார், கால் வேண்டாம் என்கிறது. சின்னவளுக்கு ஈரோட்டுக்கு மாற்றல் வந்துவிட்டது, பேத்தி இங்கே எங்களோடு. பதிவுத் தபாலை 2025 செப்டம்பரில் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள் அல்லவா, அதிலிருந்து பழைய ஆர்.எம்.எஸ். (ரயில் தபால்) ஆட்கள் சந்தித்தால் துக்கம் விசாரிக்கிற மாதிரி பேசிக்கொள்கிறோம். எனக்கும் வருத்தம்தான். அந்த நீலக் குறுக்குக்கோடு போட்ட உறையைக் கையில் வாங்கும்போதே ஒரு பயபக்தி வரும், இல்லையா?

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "இஸ்தான்புல்லில் பழைய புத்தகக் கடைத் தெருவில் வாங்கினேன், இங்கிலாந்து ராணி தலை இருக்கிறது, காசு துருக்கிக் காசாக இருக்கிறது, துருக்கியை எப்போது வெள்ளைக்காரன் ஆண்டான்?" என்று கேட்டிருக்கிறாய். ஆளவில்லை. அங்கே தபால் ஆபீஸ் மட்டும் வைத்திருந்தான்.

லென்ஸில் தெரிந்ததைச் சொல்கிறேன். நீலத் தாளில் கத்தரிப்பூ நிறத்தில் விக்டோரியா ராணி. விலை இரண்டரை பென்னி. அதன்மேல் கறுப்பு மையில் "40 பாராஸ்" என்று இன்னொரு அச்சு, பாரா என்பது துருக்கிச் சில்லறைக் காசு. ஓரத்தில் வட்ட முத்திரையில் பாதி: "பிரிட்டிஷ் போஸ்ட் ஆபீஸ்" சுத்தமாக இருக்கிறது, கீழே "கான்ஸ்டான்டி" வரை விழுந்திருக்கிறது, அதாவது கான்ஸ்டான்டினோபிள், இஸ்தான்புல்லின் பழைய பெயர், மிச்சம் உறையோடு போயிருக்கும். வருஷத்தில் 9 மட்டும் தெரிவதால் 1890களில் ஏதோ ஒன்று. விற்றுப் பணக்காரனாகலாம் என்று கனவு காணாதே. இந்தத் தலை ஏராளமாகப் புழங்கியது, ஒரு மசால் தோசைக்கு மேல் தேறாது. ஆனால் இந்த ஒரு துண்டில் எதிரும் புதிருமான இரண்டு சமாச்சாரம் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் இந்த நீளக் கடிதம்.

முதலில் அந்த இரண்டரை பென்னி. 1874க்கு முன்னால் வெளிநாட்டுக்குக் கடிதம் போடுவது பெரிய தொல்லை. ஒவ்வொரு இரண்டு நாட்டுக்கும் நடுவே தனி ஒப்பந்தம், எந்த வழியாகப் போகிறதோ அதற்கு ஒரு கட்டணம், ஓரிடத்தில் அவுன்ஸ், இன்னோரிடத்தில் கிராம். வசூலான காசை நடுவில் உள்ள நாடுகள் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பிரிக்கிறவன் பாடு என்னவாயிருக்கும் என்று நினைத்தாலே எனக்குத் தலை சுற்றுகிறது. ஜெர்மன் தபால் தலைவர் ஹைன்ரிக் ஃபான் ஸ்டெஃபான் இதற்கு ஒரு வழி சொன்னார். நடுவில் பிரான்சோடு போர் வந்து தள்ளிப்போய், கடைசியில் 1874இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் கூடினார்கள். அக்டோபர் 9 ஒப்பந்தம், அதில் பிறந்ததுதான் தபால் ஒன்றியம். அந்த நாளைத்தான் உலகத் தபால் தினம் என்று ஆபீசில் எங்களுக்கு மிட்டாய் கொடுப்பார்கள்.

ஒப்பந்தத்தின் சாரம் ஒரே வரி: சேர்ந்த 22 நாடும் தபாலைப் பொறுத்தவரை ஒரே ஊர். 15 கிராம் கடிதத்துக்குப் பொதுக் கட்டணம் 25 சென்டிம், அதாவது கால் ஃபிராங்க். அதுவே இங்கிலாந்தில் இரண்டரை பென்னி, ஜெர்மனியில் 20 ஃபென்னிக், அமெரிக்காவில் 5 சென்ட், துருக்கியில் ஒரு குருஷ், அதாவது 40 பாரா. உன் தலையில் இருக்கும் இரண்டு எண்ணும் அந்த 25 சென்டிமுக்கு ஈடானவைதான். இந்தியா 1876 ஜூலையில் சேர்ந்தது. நமக்குக் கடல் தூரத்துக்காகக் கூடுதலாக வாங்கி, 1891இல்தான் இரண்டரை அணாவுக்கு இறக்கினார்கள்.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது காசுக் கணக்கு. அனுப்புகிற நாடு வாங்கிய காசை அதுவே வைத்துக்கொள்ளலாம், பட்டுவாடா செய்கிற நாட்டுக்குப் பங்கு தர வேண்டாம். ஏன் என்றால், போகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பதில் வரும், ஆகக் கணக்கு நேராகிவிடும் என்று எண்ணினார்கள். உன்னைத் தெரியாதவர்கள் போட்ட கணக்கு. பொங்கலுக்கு நான் எழுதியதற்கு இன்னும் பதில் பாக்கி இருக்கிறது.

இப்போது அந்தக் கறுப்பு அச்சுக்கு வருகிறேன். துருக்கி சுல்தான்கள் தங்கள் கை ஓங்கியிருந்த காலத்தில் ஐரோப்பிய வியாபாரிகளுக்குச் சலுகைப் பத்திரங்கள் கொடுத்தார்கள். சாம்ராஜ்யம் தளரத் தளர, கொடுத்த சலுகை உரிமையாகிவிட்டது. தூதரகத் தூதுவன் பை கொண்டுபோவதில் தொடங்கி, ஆஸ்திரியா, ரஷ்யா, பிரான்ஸ் என்று ஆளுக்கொரு தபால் ஆபீஸ். பிரிட்டன் ரஷ்யாவோடு நடந்த கிரிமியப் போருக்காகப் படைத் தபால் கொண்டுவந்தது, போர் முடிந்ததும் 1857இல் பொதுமக்களுக்கே கதவைத் திறந்துவிட்டது. 1870இல் ஜெர்மனி. எருசலேமை எடுத்துக்கொள். 1908இல் இத்தாலியும் வந்த பிறகு, அந்தச் சின்ன ஊரில் துருக்கித் தபால் நிலையத்தைத் தவிர அந்நியருடையது மட்டும் ஐந்து.

பிரிட்டிஷ் ஆபீஸில் முதலில் லண்டனில் விற்கும் தலையையே அப்படியே விற்றார்கள். துருக்கிக் காசின் மதிப்பு இறங்கியதும், துருக்கியில் மலிவாக வாங்கி லண்டனில் முழு விலைக்குத் தள்ளுகிற ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். 1885இல் இந்த மேலச்சு வந்ததற்கு அதுதான் காரணம். பாரா என்று குத்திவிட்டால் லண்டனில் செல்லாது அல்லவா. இந்தக் காசு வித்தியாச வித்தையைத்தான் பின்னால் பாஸ்டனில் சார்லஸ் பான்சி பெரிய அளவில் செய்வதாகச் சொல்லி ஊரை ஏமாற்றினான். தபால் ஒன்றியம் 1906இல் ரோமில் பதில் கூப்பன் என்று ஒன்று கொண்டுவந்தது. எந்த நாட்டில் வாங்கினாலும் இன்னொரு நாட்டில் கொடுத்துத் தலை வாங்கிக்கொள்ளலாம். முதல் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் காசு மதிப்பு சரிந்து கிடக்க, அங்கே வாங்கி இங்கே மாற்றுகிறேன், 45 நாளில் ஐம்பது சதவீத லாபம் என்றான். 1920இல் குட்டு உடைந்தது. நம்மூர் ஈமு கோழி மோசடிக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா ஒரு தபால் கூப்பன் என்பது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கிறது, உன் தங்கச்சியிடம் சொல்லிவிடாதே.

துருக்கியும் பெர்னில் கையெழுத்துப் போட்ட நாடுதான் என்பதை மறந்துவிடாதே. "நாமெல்லாம் ஒரே ஊர்" என்று கூடவே கையெழுத்துப் போட்டவர்கள், அதன் தலைநகரிலேயே கடை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். துருக்கி என்ன செய்தது தெரியுமா? 1906 வாக்கில் தன் தலைகளிலேயே "பே" என்ற அரபு எழுத்தை அச்சடித்து, வெளிநாட்டுக் கடிதத்துக்குத் தள்ளுபடியில் விற்றது. சொந்த ஊரில் சொந்தத் தபாலுக்குத் தீபாவளித் தள்ளுபடி! அதற்கு முன்னால் 1901 மே மாதத்தில் பலமாகவே ஒரு முயற்சி நடந்தது. ஐரோப்பாவிலிருந்து ரயிலில் வந்த அந்நியத் தபால் பைகளைத் துருக்கி அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். தூதர்கள் எல்லாம் சேர்ந்து கொதிக்க, சுல்தான் அப்துல் ஹமீது இறங்கிவர வேண்டியதாயிற்று.

இங்கே என் மனசு இரண்டுபட்டு நிற்கிறது. முப்பத்தாறு வருஷம் பை கட்டியவன் நான். சணலை இறுக்கி, லேபிளைக் கோத்து, அரக்கை உருக்கி முத்திரை வைத்த பையை வழியில் எவனும் தொடக் கூடாது என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அதனால் பையைப் பிடித்தார்கள் என்று படித்ததும் அடிவயிறு கலங்கியது. அடுத்த நிமிஷமே, அது அவர்கள் ஊர், அவர்கள் ரயிலடி, வேறு எப்படித்தான் கேட்பார்கள் என்றும் தோன்றியது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்நிய ஆபீஸுக்குப் போனவர்கள் எல்லாம் அந்நியர்கள் இல்லை. உள்ளூர் வியாபாரிகளும் அங்கேதான் போனார்கள். சுல்தானுக்கு எதிராகப் பாரிஸில் அச்சான இளந்துருக்கியர் பத்திரிகைகள் நாட்டுக்குள் வந்ததும் அந்த வழியாகத்தான். சுல்தானின் ஒற்றன் கை வைக்க முடியாத ஒரே பெட்டி வெள்ளைக்காரன் பெட்டி. அதே இளந்துருக்கியர் ஆட்சிக்கு வந்து 1914இல் போர் மூண்டபோது செய்த முதல் காரியங்களில் ஒன்று, பழைய சலுகைகளை ரத்து செய்ததும் அக்டோபர் 1 அன்று அந்தத் தபால் ஆபீஸ்களை மூடியதும். போர் முடிந்து பிரிட்டன் மறுபடி திறந்தது. 1923இல் லோசான் சமாதான ஒப்பந்தத்தோடு அதுவும் போயிற்று.

சீனாவின் கதை இதைவிட வயிற்றெரிச்சல். அது 1914 வரை ஒன்றியத்திலேயே இல்லை. ஆனால் ஷாங்காயில் இருந்த பிரிட்டிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பான், ரஷ்ய, அமெரிக்க ஆபீஸ்கள் அந்தந்த நாட்டோடு சேர்த்து ஒன்றியத்துக்குள் கணக்கு. வீட்டுக்காரன் வாசலில், வாடகைக்கு வந்தவன் கூடத்தில். சீனாவின் டிராகன் தலை உள்நாட்டுக்குள்தான் செல்லும், வெளிநாடு போக வேண்டுமானால் பக்கத்தில் ஹாங்காங் தலையோ பிரெஞ்சுத் தலையோ ஒட்ட வேண்டும். 1919இல் அமெரிக்காக்காரன் தன் ஒரு சென்ட் தலையில் "ஷாங்காய் 2 சென்ட் சீனா" என்று குத்தி விற்றான். சீனக் காசில் அதன் விலை அது. வாஷிங்டன் மாநாட்டில் முடிவெடுத்து 1922 கடைசியோடு, அப்போது மிச்சமிருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் மூட்டை கட்டினார்கள். ஜப்பான் மட்டும் மஞ்சூரிய ரயில் பகுதியை விடவில்லை.

வெள்ளைக்காரனைத் திட்டி முடிக்கலாம் என்று பார்த்தால், கணக்கு நம் பக்கமும் திரும்புகிறது. நீ இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்த துபாயில் முதல் தபால் நிலையம் 1909இல் திறந்தது யார் தெரியுமா? இந்தியத் தபால் துறை. அதற்கும் முன்னால் 1864இலேயே மஸ்கட்டிலும் பாரசீகத்தின் புஷேரிலும், 1884இல் பஹ்ரைனிலும். நம் அணாத் தலைதான் அங்கெல்லாம் ஓடியது. ஆட்டி வைத்தவன் வெள்ளைக்காரன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திபெத்தில்? கியான்ட்சேயிலும் யாதுங்கிலும் இருந்த நம் தபால் ஆபீஸ்களைச் சுதந்திர இந்தியாவும் நடத்தியது. 1954இல் சீனாவோடு ஒப்பந்தம் போட்டு, 1955இல்தான் ஒப்படைத்தோம்.

அதே 1954 நவம்பரில்தான் புதுச்சேரி நம் கைக்கு வந்தது. கல்லூரி நாளில் சைக்கிளில் அங்கே போவோமே, அந்தத் தெருக்களிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. பிரெஞ்சுக்காரனுக்குத் தனித் தபால், தனித் தலை. அதே ஊரில் பிரிட்டிஷ் இந்தியத் தபால் ஆபீஸும் உண்டு. காரைக்கால், மாஹே, ஏனாமிலும் அப்படியே. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சீனியர் சொல்வார், "பாண்டியில கவர்மெண்ட்டும் ரெண்டு, தபாலாபீசும் ரெண்டு, நம்மாளு கடுதாசிய எதுல போடறான்னு பாத்தே ஆளை எடை போடலாம்." 1908இல் பாரதியார் அங்கே போய்ச் சேர்ந்தார். அவருடைய "இந்தியா" பத்திரிகை அங்கிருந்து வந்து பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழையத் தடை விழுந்து, 1910இல் நின்றுபோனது. இஸ்தான்புல்காரனுக்கு அந்நியன் பெட்டி பாதுகாப்பு. பாண்டியில் இருந்த சுதேசிக்கு எந்தப் பெட்டி அந்நியன் பெட்டி? நீயே சொல்லு.

பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து, "தாத்தா, மெயிலில் அனுப்பினால் ஒரு செகண்டில் போகுமே" என்கிறாள். லென்ஸைக் கொடுத்து உன் தலையைப் பார்க்கச் சொன்னேன். "ராணி ஏன் கோபமாக இருக்கிறார்?" என்று கேட்டாள். உண்மையாகவே அப்படித்தான் இருக்கிறது, நீயும் பார்.

தலையை இதோடு திருப்பி அனுப்பவில்லை. உன் மருமகன் கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை வரும்போது இங்கே இறங்கச் சொல், கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு டப்பா முறுக்கும் வரும். அதற்குள் பதில் எழுது, இரண்டாகக் கணக்கு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் சுந்தரம்