முதுகுக் காப்பு என்று விற்றால் முத்திரையைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கிறேன். மின்தூக்கிப் பராமரிப்பு வேலையில் 26 ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவின் மண்பாதையில் சைக்கிள் ஓட்டுவது என் வழக்கம். என்னைப் பார்த்து என் அக்கா மகனுக்கும் அந்த ஆசை வந்தது. அவனுக்கு வயது 19. கடந்த பிப்ரவரியில் புலாவ் உபின் தீவில் அவன் விழுந்தான். அப்போது அவன் முதுகில் இருந்த பையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மலைப்பாதையில் ஓட்டுபவர்கள் மாட்டிக்கொள்ளும் தண்ணீர்ப் பையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். உள்ளே இரண்டு அல்லது மூன்று லிட்டர் பிடிக்கும் மெல்லிய ரப்பர் போன்ற உறை, அதிலிருந்து தோள் வழியாக வரும் குழாய், நுனியைக் கடித்தால் தண்ணீர். 1989இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், கொளுத்தும் வெயிலில் 100 மைல் ஓட்டும் பந்தயத்துக்காக மைக்கேல் ஐட்சன் என்பவர் இதைத் தொடங்கிவைத்தார். அவர் அவசர மருத்துவ உதவியாளர். மருத்துவமனையில் சொட்டு மருந்து ஏற்றும் பையில் தண்ணீர் நிரப்பி, அதை ஒரு காலுறைக்குள் போட்டு, சட்டையின் முதுகில் தைத்துக்கொண்டாராம். குழாயைப் பிடித்து வைக்கத் துணி காயப்போடும் கிளிப். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் அந்த மனிதருக்கு நன்றி சொல்லத் தோன்றும். கரடுமுரடான பாதையில் புட்டியை எடுக்க ஒரு கையை விட முடியாது. குழாய் இருந்தால் இரண்டு கையும் பிடியிலேயே இருக்கும்.

பை எப்படியும் முதுகில்தானே இருக்கிறது, அதிலேயே முதுகெலும்புக்கு ஒரு காப்பையும் வைத்துவிடலாமே என்ற யோசனை பிறகு வந்தது. ஜெர்மனியின் இவோக் போன்ற நிறுவனங்கள் அப்படிப்பட்ட பைகளைச் செய்கின்றன. நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பெயரில் கடையில் தொங்கும் எல்லாப் பையும் அதே பை இல்லை.

அவன் விழுந்த அன்று, சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேரும் வரை காத்திருந்து பம்போட் என்னும் சிறு படகில் உபினுக்குப் போனோம். அந்தத் தீவிலுள்ள கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்கா 2008இல் திறந்தது. அங்கே பாதையின் கடினத்துக்கு ஏற்ப நிறக்குறி வைத்திருக்கிறார்கள். கடினமான பாதை என்று காட்டும் கறுப்பு வைரக் குறி போட்ட இறக்கத்துக்கு அவன் இன்னும் தயாராகவில்லை. நான் தடுத்திருக்க வேண்டும். முன்சக்கரம் வேரில் சிக்கியது, பக்கவாட்டில் தூக்கி எறியப்பட்டு முதுகு கருங்கல்லில் பட விழுந்தான். உபின் கருங்கல் எப்படி இருக்கும் என்று அங்கே போனவர்களுக்குத் தெரியும்.

எலும்பு முறியவில்லை என்று எக்ஸ்ரேயில் தெரிந்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. ஆனால் முதுகின் நடுவில், நேர்கோட்டில், ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்குக் கன்றிப்போயிருந்தது. அது கல் ஏற்படுத்திய காயம் இல்லை. பைக்குள் செங்குத்தாகச் செருகி வைத்திருந்த காற்றடிக்கும் பம்பு பதிந்த தடம். இரண்டு வாரம் அவனால் மல்லாந்து படுக்க முடியவில்லை. “டேய், நீ கூட இருந்துமா இப்படி?” என்று அக்கா கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

அன்று இரவு சமையலறை மேசையில் அந்தப் பையைப் பிரித்தேன். ‘முதுகுப் பாதுகாப்பு உள்ளது’ என்று சொல்லி 70 வெள்ளிக்குக் கடையில் கொடுத்தது. உள்ளே இருந்தது ரப்பர் செருப்பின் தடிமன்கூட இல்லாத ஒரு நுரைத் துண்டு. கட்டைவிரலால் அழுத்தினால் அடியில் இருக்கும் மேசை தட்டுப்பட்டது. முதுகு உறுத்தாமல் இருக்கவும் காற்று போகவும் வைத்த மெத்தை அது. அதற்குமேல் ஒன்றுமில்லை. விற்ற இளைஞர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

என் வேலையில் உயரத்தில் கட்டிக்கொள்ளும் ஹார்னஸ் என்ற பாதுகாப்புப் பட்டையில் எந்தத் தரத்துக்குச் சோதித்தது என்ற எண் தைத்திருக்கும். அந்தச் சீட்டு கிழிந்து போயிருந்தால் நாங்கள் அதைத் தொடமாட்டோம். முதுகுக் காப்புக்கும் அப்படி ஓர் எண் உண்டு: இஎன் 1621-2. மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்காக எழுதிய ஐரோப்பியத் தரம் அது. நல்ல சைக்கிள் பைகளின் காப்பையும் அதன்படிதான் சோதிக்கிறார்கள். 50 ஜூல் ஆற்றலுடன் அடிப்பார்கள், அதாவது ஐந்து கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவது மாதிரி. காப்பைத் தாண்டி அடுத்த பக்கம் வரும் விசை சராசரியாக 18 கிலோநியூட்டனுக்கு மேல் போகாவிட்டால் முதல் நிலை, 9க்கு மேல் போகாவிட்டால் இரண்டாம் நிலை. நுரைத் துண்டைத் தனியே வெளியே எடுத்தால் இந்த எண்ணும் நிலையும் அதன்மேலேயே இருக்க வேண்டும். பையின் வெளியே தொங்கும் விலைச்சீட்டில் ‘பாதுகாப்பு’ என்று அச்சிட்டிருப்பது கணக்கில் வராது.

நம்மைப் போன்ற வெப்ப நாட்டுக்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். இந்தக் காப்புகளில் பல, மெதுவாக வளைத்தால் இளகியும் சட்டென்று அடி விழுந்தால் இறுகியும் நடந்துகொள்ளும் நுரையால் ஆனவை. வெயிலில் அந்த நுரை மேலும் இளகும். 40 டிகிரி வெப்பத்திலும் சோதித்துத் தேறிய காப்பில் ஆங்கில ‘டி’ எழுத்தும் கூட்டல் குறியும் இருக்கும். அது கட்டாயச் சோதனை இல்லை. ஆனால் சிங்கப்பூரில் வாங்குபவர் அதைத் தேடி வாங்குவதே சரி.

அப்புறம், நல்ல பை வாங்கியவர்களும் செய்யும் தவற்றைச் சொல்கிறேன். இங்குள்ள ஈரத்தில் தண்ணீர் நிரப்பும் உறையும் குழாயும் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். அதனால் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவுவோம். திரும்பப் போடும்போது காப்பை வெளிப்பக்க அறையில் செருகிவிடுகிறார்கள். என் கண்ணாலேயே இரண்டு பேரிடம் பார்த்தேன். காப்பு முதுகை ஒட்டி இருக்க வேண்டும், அதற்கு வெளியேதான் தண்ணீர், பம்பும் இரும்புக் கருவிகளும் அதற்கும் வெளியே, முடிந்தால் பக்கவாட்டு அறையில். பம்பைச் சைக்கிள் சட்டத்திலேயே மாட்டிவிட்டால் இன்னும் நல்லது. இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் இறுக்கிவிட்டுக் குனிந்து குலுங்கிப் பாருங்கள். பை தலைக்கவசத்தை நோக்கி ஏறினால், விழும்போது காப்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது.

இதைச் சொல்வதால் காப்பு எல்லாவற்றையும் தடுக்கும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கைப்பிடிக்கு மேலே பறந்து தலைகுப்புற விழுந்தால் பாரம் முதுகெலும்பின் நீளவாக்கில் இறங்கும். மோசமான முதுகெலும்புக் காயங்கள் பல அப்படித்தான் வருகின்றன. அதற்கு எந்தப் பையும் உதவாது. கல், வேர், மரக்கட்டை இவற்றின்மேல் நேராக விழும் அடிக்குத்தான் இது. என் அக்கா மகன் விழுந்தது அப்படிப்பட்ட அடி என்பதால்தான் எனக்கு இவ்வளவு ஆதங்கம்.

அவன் மீண்டும் ஓட்டுகிறான். இரண்டாம் நிலை முத்திரை உள்ள காப்போடு பை வாங்கினோம். 200 வெள்ளிக்கு மேல் ஆனது, பாதி நான் போட்டேன். எல்லா வீட்டிலும் அந்தப் பணம் இருக்காது என்பது எனக்குத் தெரியும். பணம் இல்லாவிட்டால், சாதாரணத் தண்ணீர்ப் பையைத் தண்ணீருக்கு மட்டும் என்று தெரிந்தே வாங்கி, கடினமான பாதைகளை விட்டுவிடலாம்.

ஜூன் பள்ளி விடுமுறையில் நிறைய பிள்ளைகள் இந்தப் பாதைகளுக்கு வருவார்கள். கடைக்காரர்களுக்கு என் வேண்டுகோள்: முதுகுக் காப்பு என்று சொல்லி ஒரு பையை விற்றால், பணம் வாங்குமுன் அந்தக் காப்பை வெளியே எடுத்து எண்ணைக் காட்டுங்கள். எண் இல்லையென்றால் அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள். பெற்றோர் யாராவது பையைக் கொண்டுவந்தால் நானே பிரித்துப் பார்த்துச் சொல்கிறேன். ஞாயிறு காலை ஏழரை மணிக்கு செஸ்ட்நட் வாகன நிறுத்துமிடத்தில் இருப்பேன்.

இப்படிக்கு,
மின்தூக்கித் தொழில்நுட்பர்,
ஈசூன்