பள்ளிக் கட்டட மதிப்பீட்டில் ஒலித்தடுப்பு வேலைகளைத் திருத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
கட்டட ஒலியியல் பணியில் உள்ள பொறியாளர்கள்

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
அரசுக் கட்டடங்கள் பிரிவு

பொருள்: புதிய வகுப்பறைக் கட்டடம் – ஒலித்தடுப்பு இனங்களை டெண்டருக்கு முன் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மதிப்பீட்டில் 'ஒலித்தடுப்பு' என்ற ஒரே இனத்தின் கீழ், வகுப்பறை இடைச்சுவர்களில் 25 மி.மீ. ஃபோம் ஒட்டுவதாக உள்ளது. அதை நீக்க வேண்டுகிறோம். ஃபோம் அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் உறிஞ்சும்; பக்கத்து அறைக்குப் போகும் சத்தத்தை மறிக்க எடை வேண்டும். அந்த ஃபோம் சதுர மீட்டருக்கு ஒரு கிலோகூடத் தேறாது. இருபுறமும் பூசிய அரைக்கல் (அரைச் செங்கல் கனமுள்ள) சுவரோ 200 கிலோவைத் தாண்டும். போதாக்குறைக்கு, சாதாரண ஃபோம் தீப்பிடித்தால் நச்சுப்புகை கக்கும்.

வரைபடத்தில் இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. இடைச்சுவர் ஃபால்ஸ் சீலிங் மட்டத்தோடு நின்றுவிடுகிறது. சத்தம் சீலிங்குக்குள் ஏறி, சுவரைத் தாண்டி அடுத்த வகுப்பில் இறங்கும். சுவரை மேல்தளக் கான்கிரீட்டின் அடிவரை எழுப்பி, விளிம்பு இடுக்கை இறுகிப்போகாத சீலண்டால் அடைக்க வேண்டும். மின்குழாய் நுழையும் துளைகளுக்கும் இதே அடைப்பு தேவை. ஒரே சுவரின் இருபுறமும் சுவிட்ச் பெட்டிகள் முதுகோடு முதுகு ஒட்டி வரக்கூடாது; 60 செ.மீ. தள்ளி வைத்தால் போதும்.

கதவில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். 1 மீட்டர் அகலமும் 2.1 மீட்டர் உயரமும் உள்ள கதவின் அடியில் 10 மி.மீ. இடைவெளி விட்டால், திறப்பு அரை சதவீதம்கூட இல்லை. ஆனாலும் பலகை எத்தனை கனமாக இருந்தாலும் அந்தக் கதவு சுமார் 23 டெசிபலுக்கு மேல் தடுக்காது. எனவே உள்கூடில்லாத கனமான கதவு, மூன்று பக்கமும் ரப்பர் கேஸ்கெட், அடியில் தானாக இறங்கும் சீல் ஆகியவற்றைத் தனி இனமாகச் சேர்க்க வேண்டும்.

அறைக்குள் எதிரொலி தனிப் பிரச்சினை. 8 × 6 × 3 மீட்டர் வெற்று அறையில், வெறும் பூச்சும் டைல்ஸும் மட்டும் இருந்தால், எதிரொலி நேரம் (சத்தம் நின்றபின் 60 டெசிபல் தணிய ஆகும் நேரம்), அறையின் கன அளவையும் உறிஞ்சலையும் கொண்டு அதைக் கணக்கிடும் சாபின் சூத்திரப்படி 4 விநாடிக்கு மேல் வரும். உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வகுப்பறைக்குப் பரிந்துரைத்தது 0.6 விநாடி. உறிஞ்சுதிறன் 0.8 உள்ள (படும் ஒலியில் 80 சதவீதத்தை உறிஞ்சும்) சீலிங் பலகையை 48 சதுர மீட்டர் முழுவதும் போட்டால், பெஞ்சும் பிள்ளைகளும் இல்லாமலே 0.55 விநாடிக்கு இறங்கிவிடும். ஃபோமுக்கு ஒதுக்கிய தொகையை இதற்கு மாற்றலாம். பின்னாளில் இந்தப் பலகைக்குப் பெயின்ட் அடித்தால் துளைகள் அடைபட்டு வேலை வீணாகும்; பராமரிப்புக் குறிப்பில் இதை எழுதிவிட வேண்டும்.

ஜெனரேட்டர் அறை வகுப்பறையோடு சுவரைப் பகிராமல் தள்ளி அமையட்டும். அடியில் ஸ்பிரிங் தாங்கிகளும் புகைக்குழாயில் நெகிழ் இணைப்பும் இல்லாவிட்டால், அதிர்வு கான்கிரீட் வழியாகவே ஏறிவரும்.

முதலில் அடுத்தடுத்த இரண்டு அறைகளை மட்டும் முடித்து, கட்டடத்திலேயே ஒலித்தடுப்பை அளப்பதற்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 16283 முறைப்படி அளந்து பார்த்த பிறகே மற்ற அறைகளைத் தொடங்க ஒப்பந்தத்தில் நிபந்தனை சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்